‘போர்ன் எ கிரைம்’ நமக்கு என்ன சொல்கிறது? கல்முனை மகளுக்கு ஒரு பதில்

கல்முனையிலிருந்து எழுதியிருக்கும் மகளுக்கு,

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா மட்டக்களப்பு டச் பார் பக்கத்து, ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக் குடும்பத்தவர். அப்பா பாண்டிருப்புத் தமிழர். செம்பட்டை முடி, பூனைக் கண், வகுப்பில் எல்லோரையும் விட ஒரு முழம் உயரம். பள்ளிக்கூடத்தில் உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ‘பறங்கி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அண்மையில் தென்னாபிரிக்க நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் தன்வரலாறான ‘போர்ன் எ கிரைம்’ (‘குற்றமாகப் பிறந்தவன்’) நூலை வாசித்துவிட்டு மூன்று விடயங்கள் கேட்டிருக்கிறீர்கள். கறுப்பர், வெள்ளையர் என்று பிரிந்து கிடந்த நாட்டின் கதையில் நமக்கு என்ன இருக்கிறது? அத்தனை வலியை அவர் சிரிக்கச் சிரிக்க எழுதியிருப்பது சரியா? நீங்களும் எழுதலாமா?

இந்த நூலை நான் மூன்று தடவை வாசித்தேன். மட்டக்களப்பில் என் வீட்டில் கூடும் சிறிய வாசிப்பு வட்டத்தில் ஒரு மாதம் முழுவதும் இதைப் பற்றியே பேசினோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நூலின் பெயரில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. 1927ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் ஒழுக்கக்கேட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஐரோப்பியர் ஒருவரும், அச்சட்டம் ‘சுதேசி’ என்று அழைத்த கறுப்பினத்தவர் ஒருவரும் உறவு கொண்டால் ஆணுக்கு ஐந்து வருடம் வரை சிறை, பெண்ணுக்கு நான்கு வருடம் வரை சிறை. நோவா பிறந்தது 1984 பெப்ரவரி 20ஆம் திகதி, ஜொஹன்னஸ்பர்க்கில். தாய் கோசா இனப் பெண், தகப்பன் சுவிற்சர்லாந்துக்காரர். சட்டத்தின் அந்தப் பகுதி நீக்கப்பட்டது 1985இல். ஆகவே அந்தக் குழந்தை பிறந்தபோது, தாயும் தகப்பனும் செய்த குற்றத்துக்கு அதுவே உயிருள்ள சாட்சி. 2016இல் வெளிவந்த நூல், அந்தச் சட்டத்தின் வாசகத்தை முதற்பக்கத்தில் வைத்துத்தான் தொடங்குகிறது.  சட்டத்தை வாசித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்கு வந்தால், ஒன்பது வயதுப் பையனை ஓடும் வானிலிருந்து தாய் வெளியே தள்ளிவிடுகிறாள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. எனவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பூங்காக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். சிறு பிள்ளை தகப்பனைக் கண்டுவிட்டு ‘டாடி’ என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறது. தகப்பன் ஓட்டம் பிடிக்கிறார். பிள்ளை அதை ஓடிப்பிடித்து விளையாட்டு என்று நினைக்கிறது. தகப்பனுக்கோ சுற்றி நிற்பவர்கள் பார்க்கிறார்கள், பொலிஸ் வரும் என்ற பயம். வாசிக்கிற நாம் சிரித்துவிட்டு அந்த வரியிலேயே நின்றுவிடுகிறோம். நோவா அங்கே பகடி எதையும் சேர்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறார். சட்டம் என்ன செய்யும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். பிள்ளைக்குத் தெரிந்ததற்கும் நமக்குத் தெரிந்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சிரிப்பு பிறக்கிறது, தொண்டையை அடைப்பதும் அதே இடைவெளிதான். ஜொஹன்னஸ்பர்க்கின் கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோவில் பாட்டி மற்றப் பேரப்பிள்ளைகளை அடிப்பார், இவனை மட்டும் அடிக்கமாட்டார். கறுப்புப் பிள்ளையை அடித்தால் அது அப்படியே இருக்கும், இவனை அடித்தால் நீலமும் பச்சையுமாக நிறம் மாறுகிறானே என்பது அவருடைய காரணம். அந்தப் பாட்டி பகிடி விடவில்லை, உண்மையாகவே பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை அப்படியே எழுதியதால்தான் நாம் சிரிக்கிறோம்.

வலியை இப்படி எழுதுவது அதை அவமதிப்பதாகுமா என்று கேட்டீர்கள். எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் விடிய விடிய இருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. ராசா வருவதற்கு முன் கட்டியகாரன் வருவான். சபையைச் சிரிக்க வைப்பான். அதே களரியில் விடிசாமத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒப்பாரி வைப்பாள். இரண்டுக்கும் ஒரே மத்தளம்தான் அடிக்கும். சிரித்ததால் அழுகை குறைந்துபோனது என்று எங்கள் பெரியவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் எல்லா அத்தியாயமும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். இறுவட்டு பிரதிபண்ணி விற்கும் பகுதி தேவைக்கு மேல் நீளம். ஹிட்லர் என்று பெயர் வைக்கப்பட்ட நண்பன் யூதப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடனமாடும் கதை எங்கள் வாசிப்பு வட்டத்திலும் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐரோப்பாவின் வரலாற்றைச் சரியாகப் படிப்பிக்காமல் விட்ட நிறவெறி ஆட்சியின் மீதுதான் அவர் குற்றம் சுமத்துகிறார், அந்த நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த மண்டபத்தில் இருந்த பிள்ளைகளின் பாட்டன் பாட்டிகளை நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை.

இனி, இதில் நமக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி. நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

நோவா தன் நூல் முழுக்க அழுத்திச் சொல்லும் நம்பிக்கை ஒன்று உண்டு. நிறத்தை விட மொழி பெரியது. ஒருவன் உன் மொழியைப் பேசினால் அவன் உன்னைப் போன்றவன் என்று மனம் ஏற்றுக்கொண்டுவிடும். தெருவில் ஸூலு இன இளைஞர்கள் சிலர் இவனைக் கொள்ளையடிக்கப் பின்னால் வருகிறார்கள். அவர்கள் பேசிக்கொள்வது இவனுக்கு விளங்குகிறது. திரும்பி நின்று, நாம் எல்லோரும் சேர்ந்து வேறு யாரையாவது பிடிப்போமா என்று ஸூலுவிலேயே கேட்கிறான். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டில் ஆங்கிலமும் கோசாவும், வெளியே ஸூலுவும் ற்சுவானாவும் ஆபிரிக்கான்ஸும். எந்தக் கூட்டத்திலும் நுழைய அவனிடம் ஒரு திறப்பு இருந்தது.

வாசிக்க மிக அழகான இடம். எங்கள் கரையில் நின்று வாசிக்கும்போது மட்டும் எனக்குள் ஒரு முள் குத்துகிறது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு நீங்கள் எத்தனை தடவை பஸ்ஸில் வந்து போயிருப்பீர்கள். கல்லடிப் பாலம் தாண்டினால் தமிழ் ஊர், அடுத்தது காத்தான்குடி, அதை அடுத்து ஆரையம்பதி. கிரான்குளம், குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று தமிழ் ஊர்களாகப் போய், பெரியநீலாவணை முடிய மருதமுனை வரும். பிறகு உங்கள் அப்பாவின் பாண்டிருப்பு, பிறகு கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், மறுபடி ஒரு தமிழ் ஊர். அத்தனை ஊரிலும் தமிழ்தான் தாய்மொழி. ‘பிறகு’ என்பதை இரு பக்கத்தாரும் ‘மறுகா’ என்றுதான் சொல்வார்கள். ‘வாகா, போகா’ இருவருக்கும் பொது. மைத்துனன் மச்சான்தான். அங்கே வாப்பா, இங்கே அப்பா. அங்கே ஆணம், இங்கே குழம்பு. இவை ஒரு வீட்டுக்குள் இரண்டு அறைகள் போன்ற வேறுபாடுகள். இரு சமூகத்திலும் குடி என்ற பரம்பரைப் பிரிவு ஒன்று உண்டு, இருவருக்கும் அது தாய் வழியாகவே வருகிறது. இவ்வளவு பொதுவாக இருந்தும் என்ன நடந்தது?

1990 பெப்ரவரியில் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள், கைக்குழந்தைகள் உட்பட, கொன்று குவிக்கப்பட்டார்கள். அதன்பின் பல வருடங்கள் நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் உற்றுக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தோம். என்னோடு படிப்பித்த ஒரு முஸ்லிம் நண்பர், எங்கள் பக்கத்து ஊர்களால் பஸ்ஸில் வரும்போது தன் சின்ன மகனிடம் ‘வாப்பா என்று கூப்பிடாதே, சும்மா இரு’ என்று சொல்லி வைத்திருந்தார். அந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் வந்ததை நான் எதிர் ஆசனத்தில் இருந்து பார்த்தேன். நாங்களும் அவர்களுடைய ஊரைக் கடக்கும்போது அப்படித்தான் இருந்தோம். ஒரே மொழிதான். அந்த மொழியின் ஒரு சொல்லே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்த காலம் அது.

ஆகவே மகள், மொழி ஒன்றாகிவிட்டால் மனிதர் ஒன்றாவார்கள் என்ற நோவாவின் நம்பிக்கையை எங்கள் கரை ஏற்றுக்கொள்ளாது. அவருடைய நூலிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது என்பதும் என் எண்ணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்காதாக் கட்சியினரும் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ்காரர்களும், பெரும்பாலும் ஸூலுக்களும் கோசாக்களும், ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதை அவர் எழுதுகிறார். முதல் அத்தியாயத்தில் வான் சாரதி அவருடைய தாயை மிரட்டியது கோசாப் பெண் என்பதற்காக. அங்கே நிறம் ஒன்று, மொழி வேறு. இங்கே மொழி ஒன்று, மார்க்கம் வேறு. கத்தியைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஏதாவது ஒரு வேறுபாடு போதும். நோவா தப்பித்தது மொழியால் மட்டும் அல்ல. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத முகத்தோடு அவர் நின்றதும், எதிரே நின்றவர்கள் ஒரு கணம் குழம்பியதும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றின.

நீங்கள் நிற்கும் இடம் இப்போது உங்களுக்குத் தெரிகிறதா? தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்றாக எண்ணிப் பழகிய இந்தக் கரையில் உங்கள் அம்மாவின் ஆட்கள் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே வருவதில்லை. போர்த்துக்கேயர் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒல்லாந்தரும் போனார்கள், ஆங்கிலேயரும் போனார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் மட்டும் போர்த்துக்கேயக் கலப்பு மொழி தங்கிவிட்டது. தச்சு, கொல்லு, தையல், சப்பாத்துத் தொழில் என்று கைத்தொழிலில் வாழ்ந்தார்கள். பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது டச் பார் எப்படி ஆனது என்று உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

‘பறங்கி’ என்று உங்களைக் கூப்பிட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அவர்கள் காலையில் குசினிக்குள் போய்ப் பாண் வாங்கித் தின்றார்கள். கதிரையில் இருந்து சப்பாத்துப் போட்டார்கள். அலுமாரியைப் பூட்டிச் சாவியை வைத்தார்கள், யன்னலைச் சாத்தினார்கள், வந்து வகுப்பில் வாங்கில் இருந்துகொண்டு உங்களை அந்நியள் என்றார்கள். குசினி, பாண், கதிரை, சப்பாத்து, அலுமாரி, சாவி, யன்னல், வாங்கு அத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள். நான் முப்பத்தொரு வருடம் ஆசிரியனாக இருந்தேன். இதை ஒரு பாடமாக ஒரு நாளும் எடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இப்போது பெரிதாக இருக்கிறது.

இன்னொரு விடயம் பத்திரம். நோவாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனுடைய பெயர் இல்லை, போட முடியாது. சட்டம் அவரைத் தாய்க்கு மட்டும் பிள்ளையாக்கியது. உங்கள் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் இனம், தாய் இனம் என்று இரண்டு இடம் இருக்கும். வழக்கப்படி பிள்ளையைத் தகப்பன் பக்கம் எண்ணுவார்கள். பறங்கியர் என்ற அடையாளமும் இலங்கையில் தந்தை வழியாகவே வரையறுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் நீங்கள் பறங்கியே இல்லை, முழுத் தமிழ்ப் பிள்ளை. ஆனால் மட்டக்களப்பில் ஒரு பிள்ளையைக் கண்டால் கிழவிகள் என்ன கேட்பார்கள்? ‘ஆருட மகள், என்ன குடி?’ அந்தக் கேள்விக்குப் பதில் தாயின் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் நீங்கள் அம்மாவின் பிள்ளை. ஒரே பிள்ளையைப் பத்திரம் ஒரு பக்கம் இழுக்கிறது, ஊர் மறுபக்கம் இழுக்கிறது, வகுப்பறை இரண்டையும் கேட்காமல் முகத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிறது. நோவாவிடம் இந்த மூன்று இழுவைக் கதை இல்லை. உங்களிடம் இருக்கிறது.

எழுதலாமா என்ற கேள்விக்கு இனி நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். எழுதுங்கள். சில யோசனைகள் மட்டும்.

உங்கள் கூச்சத்தையும் உயரத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு அடையாளம், சமூகம் என்ற பெரிய சொற்களோடு தொடங்க வேண்டாம். இந்த நூலில் என்னை அதிகம் கலங்க வைத்த அத்தியாயங்களில் ஒன்று பள்ளி இறுதி நடன விழா. பருக்கள் நிறைந்த முகத்தோடு, அழகான ஒரு பெண்ணை அழைத்துப் போகிறான். உடுப்புக்கும் தலைமுடிக்கும் காருக்கும் அவ்வளவு பாடுபட்டவன், அன்று இரவுதான் கண்டுபிடிக்கிறான், அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவளுடைய மொழி பெடி. இத்தனை மொழி தெரிந்த இவனுக்கு அந்த ஒரு மொழி தெரியாது. அத்தனை நாள் பழகியும் இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை என்பதையே அவன் கவனிக்கவில்லை. மொழியின் வல்லமையை நூல் முழுக்கப் பாடிய ஒருவர் அது கைவிட்ட இரவையும் மறைக்காமல் எழுதினாரே, அதனால்தான் நான் அவரை நம்புகிறேன். இனம் பற்றிய பாடம் எதுவும் அந்த அத்தியாயத்தில் சொல்லப்படவில்லை. விழாவுக்குள் வர மறுத்து ஒரு பெண் காருக்குள் இருக்கிறாள், அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும். விளையாட்டுப் போட்டியோ, சரஸ்வதி பூசையோ, குழுப் படம் எடுக்கும்போது பின் வரிசைக்குப் போகச் சொன்ன நாளோ. அங்கிருந்து தொடங்குங்கள்.

தாயைப் பற்றி. அந்த நூலின் நாயகி பற்றீசியா நொம்புயிசெலோ நோவாதான். கறுப்பர் குடியிருக்கக் கூடாத நகரத்துக்குள் களவாகத் தங்கி, தட்டச்சுப் படித்துச் செயலாளராக வேலை பார்த்து, பிள்ளை வேண்டும் என்று தானே தீர்மானித்துப் பெற்றவர். 2009இல் முன்னாள் கணவன் அவரைச் சுட்டான். குண்டு பின் தலையில் நுழைந்து மூக்கு வழியாக வெளியேறியும் பிழைத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தபடி அழும் மகனைப் பார்த்து, இனி வீட்டில் நீதான் அழகன் என்றார். மகனின் நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன் எத்தனையோ தடவை அந்தப் பெண் பொலிஸுக்குப் போயும் முறைப்பாட்டை எடுக்காமல் திருப்பி அனுப்பியதை அவர் சிரிப்பே இல்லாமல் எழுதியிருக்கிறார். எங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும் என்பதற்கு அந்த அத்தியாயத்தை மறுபடி வாசியுங்கள்.

ஆனால் நோவா அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதினார். நீங்கள் கல்முனையில் இருந்து எழுதுகிறீர்கள். பெயரை மாற்றினாலும் தெருவின் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடும் ஊர் எங்களுடையது. எனவே அம்மாவைப் பற்றி எழுதும் பக்கங்களை முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தை எடுத்துவிடுங்கள். அதனால் நூல் கெட்டுப்போகாது. உங்களைக் கேலி செய்த பிள்ளைகளின் பெயர்களும் வேண்டாம், அவர்களும் அப்போது பிள்ளைகள்தானே.

மொழியை அம்மா வீட்டில் பேசியபடியே எழுதுங்கள். விவரிப்பு நல்ல எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆட்கள் பேசுவது அவரவர் வாயால் வரட்டும். பறங்கி மொழிச் சொல் வந்தால் தமிழ் எழுத்தில் அப்படியே போடுங்கள், பக்கத்தில் விளக்கம் வேண்டாம். 

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அம்மம்மா தமிழில்தான் எல்லாம் பேசுவார், உங்கள் தலையை இழுத்துப் பின்னும்போது மட்டும் பறங்கி மொழியில் ஏசுவார் என்று. அவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை டச் பார் போங்கள். முன்னால் இருந்து தலையைக் கொடுங்கள். என்ன சொல்லி ஏசுகிறார் என்று ஒரு சொல் விடாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள்.